ஒரு கவுண்டருக்காக முழுத் திறப்புக் கோர்வையா?

சில வருடங்களுக்கு முன்னர், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்களிடம் விபரம் சேகரித்துவந்த ஒரு சிறு தொண்டர் குழுவுக்கு இணையத்தளம் அமைத்துக் கொடுக்கும் வேலை என்னிடம் வந்தது. நான் கணினி விஞ்ஞானம் படித்தவள் அல்ல; ஊடகக் கற்கை படித்தவள். ஆனால் குழுவில் இருந்தவர்களில் ஓரளவுக்கேனும் கணினியோடு புழங்கியவள் நான்தான் என்பதால் பொறுப்பு என் தலையில் விழுந்தது. மாதக் கட்டணத்துக்கு ஒரு சிறிய லினக்ஸ் சேர்வரை வாடகைக்கு எடுத்தோம். இலவசமாகக் கிடைக்கும் ஒரு செய்நிரலை அதில் நிறுவி ஓடவிட்டேன். வந்த பதில் ஒரே ஒரு வரி: 443ஆம் போர்ட்டைத் திறக்க அனுமதி மறுக்கப்பட்டது.

அன்றிரவு இணையத்தில் தேடினேன். கிடைத்த பதில்களில் பெரும்பாலானவை ஒன்றையே சொல்லின. கட்டளைக்கு முன்னால் ‘சூடோ’ என்ற சொல்லைச் சேர்த்துவிடுங்கள், சரியாகிவிடும். சேர்த்தேன். தளம் ஓடியது. நிம்மதியாகப் படுத்துவிட்டேன்.

எட்டு மாதங்கள் அப்படியே ஓடியது. வெளிநாட்டில் சேர்வர்களோடு வேலை செய்யும் தெரிந்த அண்ணை ஒருவர் ஒருநாள் வேறொரு தேவைக்காக அதற்குள் நுழைந்து பார்த்தார்.

“இந்தப் புரோகிராம் ஆற்ற பேரில ஓடுது?”

“ரூட்டிலதான் அண்ணை. இல்லாட்டி போர்ட் தரமாட்டனெண்டுது.”

“ஒரு கவுண்டரில இருக்கிறதுக்கு முழுக் கச்சேரியின்ர திறப்பையும் குடுத்து வைச்சிருக்கிறியே, தங்கச்சி.”

அவர் சொன்னதன் கனம் உடனே விளங்கவில்லை. விளங்கியபோது கை நடுங்கியது. ஏனென்றால் அதே சேர்வரின் இன்னொரு மூலையில்தான் குடும்பங்கள் கொடுத்த வாக்குமூலங்களின் பிரதிகள் இருந்தன. பெயர், ஊர், தொலைபேசி இலக்கம், கடைசியாக யார் யாரை எங்கே கண்டார்கள் என்ற விபரம். அவற்றைத் தரும்போது பலர் இரண்டு மூன்று முறை கேட்டிருந்தார்கள்: “இது வேற ஒருத்தற்றையும் கையில போகாதே, பிள்ளை?” போகாது என்று நாங்கள் சொல்லியிருந்தோம்.

எதுவும் நடக்கவில்லை. அது அதிர்ஷ்டம், எங்கள் கவனத்தால் வந்ததல்ல. அந்த ஒரு வரி மறுப்புக்குப் பின்னால் என்ன இருக்கிறது, அதை எப்படிச் சரியாகக் கடப்பது என்பதைப் பிறகு படித்து அறிந்துகொண்டேன். எங்களைப் போலவே சிறு சேர்வர்களில் பெரிய பொறுப்புகளை வைத்திருப்பவர்களுக்காக அதை இங்கே எழுதுகிறேன்.

கவுண்டர் இலக்கங்கள்

ஒரு கணினிக்கு இணையத்தில் ஒரு முகவரி இருக்கிறது. ஆனால் ஒரே கணினியில் பல சேவைகள் நடக்கலாம். இணையத்தளம், மின்னஞ்சல், தொலைவிலிருந்து நுழையும் வசதி என்று. வந்து சேரும் ஒவ்வொரு வேண்டுகோளும் எந்தச் சேவைக்கு உரியது என்று பிரிப்பதற்கு ஓர் இலக்கம் தேவை. அந்த இலக்கத்தையே போர்ட் என்கிறோம். கச்சேரிக்குப் போனால் பிறப்புச் சான்றிதழுக்கு ஒரு கவுண்டர், காணி விடயத்துக்கு இன்னொரு கவுண்டர் என்று இருப்பதைப் போல.

இந்த இலக்கங்கள் 0 முதல் 65535 வரை செல்கின்றன. சாதாரண இணையத்தளம் 80இலும், குறியாக்கம் செய்யப்பட்ட இணையத்தளம் 443இலும், மின்னஞ்சல்களைப் பரிமாறும் சேவை 25இலும், இணையப் பெயர்களை முகவரிகளாக மாற்றிச் சொல்லும் சேவை 53இலும், எஸ்எஸ்எச் எனப்படும் தொலைநுழைவு 22இலும் இருப்பது உலக வழக்கம். உலாவியில் நாம் ஒரு தளத்தின் பெயரை மட்டும் அடிக்கும்போது அது தானாகவே 443ஐயோ 80ஐயோ போய்த் தட்டுகிறது. 8443 என்ற கவுண்டரில் தளத்தை வைத்தால், வருகிற ஒவ்வொருவரும் முகவரியின் முடிவில் அந்த இலக்கத்தையும் எழுத வேண்டும். சாதாரண வாசகர்கள் யாரும் அப்படிச் செய்யப்போவதில்லை.

யுனிக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த பணிசெயல் முறைமைகளில், அதாவது லினக்ஸ், பிறீ-பிஎஸ்டி போன்றவற்றில், ஒரு பழைய விதி இருக்கிறது. 1024க்குக் குறைந்த இலக்கமுள்ள போர்ட்டில் அமர்ந்து வேண்டுகோள்களைக் கேட்க ‘ரூட்’ என்ற தலைமைப் பாவனையாளருக்கு மட்டுமே அனுமதி. ரூட் என்பவர் அந்தக் கணினியில் எந்தக் கோப்பையும் வாசிக்கலாம், எதையும் அழிக்கலாம், எவருடைய கடவுச்சொல்லையும் மாற்றலாம். அவருக்கு மூடிய அறை என்று ஒன்று இல்லை.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. கவுண்டர் 443இல் இருந்து வருகிறவர்களுக்குப் பக்கங்களை எடுத்துக் கொடுப்பது சின்ன வேலை. ஆனால் அந்தக் கதிரையில் அமர்வதற்கு முழுக் கட்டடத்தின் திறப்புக் கோர்வையும் இடுப்பில் தொங்க வேண்டும் என்கிறது விதி.

1024 எங்கிருந்து வந்தது?

இந்த விதி 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்தில் பிறந்தது. அங்கு உருவான பிஎஸ்டி என்ற யுனிக்ஸ் வகையின் 4.2 பதிப்பு 1983இல் வெளியானது. ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்குள் எளிதாக நுழைய உதவும் ‘ஆர்-லொகின்’, ‘ஆர்-எஸ்எச்’ என்ற கருவிகள் அதில் இருந்தன.

ஒவ்வொரு தடவையும் கடவுச்சொல் கேட்காமலே இந்தக் கருவிகளால் உள்ளே விட முடிந்தது. வேண்டுகோள் நம்பிக்கைக்குரிய கணினி ஒன்றிலிருந்து வருகிறதா, அதுவும் 1024க்குக் குறைந்த போர்ட்டிலிருந்து வருகிறதா என்று பார்ப்பார்கள். இரண்டும் சரியென்றால், அந்தக் கணினியின் நிர்வாகி அனுமதித்த செய்நிரல்தான் பேசுகிறது, அது சொல்லும் பாவனையாளர் பெயரும் உண்மைதான் என்று ஏற்றுக்கொள்வார்கள்.

அந்தக் காலத்துக்கு அது பொருத்தமாகவே இருந்தது. ஒரு கணினி என்பது அறையளவு பெரிய, விலை கூடிய பொருள். நூற்றுக்கணக்கான மாணவர்கள் அதைப் பகிர்ந்து பாவித்தார்கள். ரூட் கடவுச்சொல் பொறுப்பான ஒருசிலரிடம் மட்டும் இருந்தது. சிறிய போர்ட் இலக்கம் கந்தோரின் றப்பர் முத்திரை போன்றது. கடிதத்தில் முத்திரை இருந்தால் அது கந்தோரிலிருந்துதான் வந்திருக்கிறது.

இன்னொரு காரணமும் இருந்தது. பலர் பகிரும் கணினியில், தொலைவிலிருந்து நுழைவதற்கான 23ஆம் போர்ட்டை ஒரு சாதாரண மாணவன் கைப்பற்றிவிட்டால், போலியான நுழைவுப் பக்கத்தைக் காட்டி மற்றவர்களின் கடவுச்சொற்களைச் சேகரித்துவிடலாம். முக்கியமான கவுண்டர்களில் யார் அமரலாம் என்பதற்குக் கட்டுப்பாடு இருந்தால் அது நடக்காது.

முத்திரை மலிந்தபோது

1988 நவம்பர் 2ஆம் திகதி, ரொபர்ட் மொரிஸ் என்ற பட்டப்பின்படிப்பு மாணவர் எழுதிய ஒரு செய்நிரல் இணையத்தில் தானாகப் பரவத் தொடங்கியது. அது உள்ளே நுழைவதற்குப் பல வழிகளைப் பாவித்தது. மின்னஞ்சல் செய்நிரலில் இருந்த ஓட்டை, பாவனையாளர் விபரம் சொல்லும் சேவையில் இருந்த ஓட்டை, எளிதில் ஊகிக்கக்கூடிய கடவுச்சொற்கள் ஆகியவற்றோடு, கணினிகள் ஒன்றையொன்று நம்பிய அந்த ஆர்-எஸ்எச் ஏற்பாடும் அதில் ஒன்று. ஒரு கணினி விழுந்ததும் அதை நம்பிய அடுத்த கணினிக்குள் நுழைய முடிந்தது.

பிறகு தனிநபர் கணினிகள் மலிந்தன. தன் வீட்டு மேசையில் லினக்ஸை நிறுவிக்கொள்ளும் எவரும் அந்தக் கணினிக்கு ரூட்தான். அவரால் எந்தச் சிறிய போர்ட்டிலிருந்தும் பேச முடியும். யாரும் கடையில் முத்திரை வெட்டிக்கொள்ளலாம் என்ற நிலை வந்தபிறகு, கடிதத்தில் முத்திரை இருப்பதால் எதுவும் நிரூபணமாவதில்லை. 1995இல் பின்லாந்தில் தத்து யிலோனென் உருவாக்கிய எஸ்எஸ்எச், இந்த முத்திரை நம்பிக்கையின் இடத்தில் மறைகுறியாக்கத் திறப்புகளைக் கொண்டுவந்தது. ஆர்-லொகின், ஆர்-எஸ்எச் இரண்டும் மெல்ல மெல்ல வழக்கொழிந்தன.

ஆனால் 1024 என்ற விதி அப்படியே தங்கிவிட்டது. அது பிறந்த காரணத்தின் பெரும்பகுதி போய்விட்டது. அதன் பக்கவிளைவு மட்டும் வளர்ந்துகொண்டே வந்தது: உலகத்தோடு நேரடியாகப் பேசும் செய்நிரல்களே, முன்பின் தெரியாத எவரும் எதையும் அனுப்பக்கூடிய செய்நிரல்களே, தொடங்கும்போது ரூட் அதிகாரத்தைக் கேட்டன.

முழுத் திறப்பின் விலை

2001 மார்ச்சில் ‘லயன்’ என்று பெயரிடப்பட்ட ஒரு புழு லினக்ஸ் கணினிகளில் பரவியது. 53ஆம் போர்ட்டில் பெயர்ச் சேவை வழங்கும் ‘பைண்ட்’ என்ற செய்நிரலில் இருந்த ஓர் ஓட்டையை அது பாவித்தது. 53 என்பது 1024க்குக் குறைந்த இலக்கம். பல இடங்களில் பைண்ட் ரூட்டாகவே ஓடிக்கொண்டிருந்தது. ஆகவே ஓட்டை வழியாக நுழைந்தவருக்கும் ரூட் அதிகாரமே கிடைத்தது. புழு கடவுச்சொற் கோப்புகளை வெளியே அனுப்பியது, பின்கதவுகளைத் திறந்தது, தன் தடயத்தை மறைக்கும் கருவிகளையும் நிறுவியது. தொடங்கிய பிறகு ரூட் அதிகாரத்தைக் கைவிட்டு வேறு பாவனையாளராக ஓடும் வசதி அப்போதே பைண்டில் இருந்தது. அதைப் பாவித்திருந்தால் நுழைந்தவருக்கு அந்த ஓட்டை வழியாக நேரடியாக ரூட் அதிகாரம் கிடைத்திருக்காது.

இது பழைய கதை அல்ல. 2021 டிசம்பரில் ‘லொக்-ஃபோர்-ஜே’ என்ற ஜாவா நூலகத்தில் மிகப் பெரிய ஓட்டை ஒன்று வெளிப்பட்டது. எண்ணற்ற செய்நிரல்கள் தங்கள் பதிவேட்டை எழுத அந்த நூலகத்தை நம்பியிருந்தன. குறிப்பிட்ட வடிவில் ஒரு வரியை அனுப்பினாலே, தாக்குபவர் தான் விரும்பிய கட்டளையை அந்தச் செய்நிரலின் பெயரில் ஓடவைக்க முடிந்தது.

“அந்தச் செய்நிரலின் பெயரில்” என்பதுதான் முக்கியம். தாக்குபவர் எதைப் பெறுகிறார் என்பதை, நாம் அந்தச் செய்நிரலுக்கு ஏற்கெனவே எதைக் கொடுத்து வைத்திருந்தோம் என்பது தீர்மானிக்கிறது. ஜெரோம் சால்ட்சர், மைக்கல் ஷ்ரோடர் ஆகியோர் 1975இலேயே இதை ஒரு கோட்பாடாக எழுதிவைத்தார்கள். ஒவ்வொரு செய்நிரலும் தன் வேலைக்குத் தேவையான மிகக் குறைந்த அதிகாரத்தோடு மட்டும் இயங்க வேண்டும் என்பது அது.

சின்ன அதிகாரத்தைச் சின்னதாகக் கொடுப்பது

அப்படியானால் ரூட் ஆகாமல் 443இல் அமர்வது எப்படி? வழிகள் பல இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு கவனக்குறிப்பும் இருக்கிறது.

முதலாவது, மிகப் பழைய வழி. செய்நிரல் ரூட்டாகத் தொடங்கும், போர்ட்டைப் பிடிக்கும், பிறகு தானே அதிகாரத்தைக் கைவிட்டுச் சாதாரணப் பாவனையாளராக மாறிவிடும். அப்பாச்சி, என்ஜின்எக்ஸ் போன்ற இணையச் சேர்வர்களில் ஒரு தாய்ச் செயல் ரூட்டாக நிற்கும். வெளியார் அனுப்பும் வேண்டுகோள்களைப் பிரித்து வாசிக்கும் பிள்ளைச் செயல்கள் அதிகாரம் குறைந்தவையாக இருக்கும். இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் கைவிடுதல் சரியாக நடந்ததா என்று செய்நிரல் பார்த்துக்கொள்ள வேண்டும். 2000ஆம் ஆண்டில் லினக்ஸ் கருவில் இருந்த ஒரு தவறினால், ‘சென்ட்மெயில்’ என்ற மின்னஞ்சல் செய்நிரல் தன் ரூட் அதிகாரத்தை முழுமையாகக் கைவிட முடியாதபடி செய்ய அதே கணினியில் இருந்த ஒரு சாதாரணப் பாவனையாளரால் முடிந்தது. கைவிட்டுவிட்டதாக நம்பிச் செய்நிரல் தொடர்ந்து வேலை செய்தது. லினக்ஸ் 2.2.16இல் இது திருத்தப்பட்டது.

இரண்டாவது வழி, முன்வாசலில் வேறொருவரை நிறுத்துவது. என்ஜின்எக்ஸ் போன்ற, பலரால் பரிசோதிக்கப்பட்ட செய்நிரல் ஒன்றை 443இல் வைத்து, நமது சொந்தச் செய்நிரலை 8080 போன்ற பெரிய இலக்கத்தில் சாதாரணப் பாவனையாளராக ஓடவிடலாம். முன்னால் நிற்பவர் வேண்டுகோளை வாங்கி உள்ளே கடத்துவார். இதில் மறக்கக்கூடாதது ஒன்று. உள்ளே இருக்கும் செய்நிரல் 127.0.0.1 என்ற உள் முகவரியில் மட்டும் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் வெளியார் முன்வாசலைச் சுற்றிக்கொண்டு நேராக 8080ஐத் தட்டுவார்கள்.

மூன்றாவது வழி, லினக்ஸின் ‘கேப்பபிலிற்றி’ ஏற்பாடு. ரூட்டின் பேரதிகாரத்தைப் பல சிறு துண்டுகளாக உடைத்து, தேவையான துண்டை மட்டும் கொடுப்பது. 1999இல் வந்த லினக்ஸ் 2.2 இதைத் தொடங்கியது. 1024க்குக் குறைந்த போர்ட்டில் அமரும் உரிமைக்கு ‘கேப்-நெட்-பைண்ட்-சேர்விஸ்’ என்று பெயர். கோர்வையிலிருந்து ஒரே ஒரு திறப்பைக் கழற்றிக் கொடுப்பது போன்றது இது. 2008இல் வந்த 2.6.24 பதிப்பிலிருந்து ‘செட்கேப்’ என்ற கட்டளையால் இந்த உரிமையை ஒரு செய்நிரற் கோப்பின் மீதே ஒட்டிவிட முடிகிறது.

இதில் இரண்டு பொறிகள் உள்ளன. செய்நிரலைப் புதுப்பிக்கும்போது பழைய கோப்பு போய்ப் புதியது வரும். ஒட்டிய உரிமையும் போய்விடும். மறுநாள் காலை தளம் எழும்பாது. இரண்டாவது பொறி பெரியது. பைதன் அல்லது நோட் போன்ற மொழியில் எழுதப்பட்ட தளமென்றால், உரிமையை நமது எழுத்துக் கோப்பில் ஒட்ட முடியாது. அதை ஓட்டும் பைதன் அல்லது நோட் செய்நிரலில்தான் ஒட்ட வேண்டும். அப்படி ஒட்டினால், அந்தக் கணினியில் அதே பைதனைப் பாவிக்கும் எவர் எழுதிய எந்தக் கோப்புக்கும் அந்த உரிமை கிடைத்துவிடும். எனக்கென்று வெட்டிய திறப்பு வாசல் மாடத்தில் கிடக்கிறது என்று பொருள்.

நான்காவது வழி இந்தப் பொறிகளைத் தவிர்க்கிறது. இன்றைய பெரும்பாலான லினக்ஸ்களில் சேவைகளைத் தொடங்கி நடத்துவது ‘சிஸ்டம்-டி’ என்ற மேலாளர். ஒவ்வொரு சேவைக்கும் ஒரு சிறு குறிப்புக் கோப்பு இருக்கும். அதில் ‘யூசர்’ என்ற வரியில், அந்தத் தளத்துக்கென்றே உருவாக்கிய ஒரு சாதாரணப் பாவனையாளரின் பெயரை எழுதலாம். ‘அம்பியன்ட் கேப்பபிலிற்றீஸ்’ என்ற வரியில் மேற்சொன்ன ஒற்றை உரிமையை எழுதலாம். ‘நோ நியூ பிரிவிலேஜஸ்’ என்ற வரியை இயக்கினால், அந்தச் செய்நிரல் பின்னர் வேறு எந்தப் புதிய அதிகாரத்தையும் பெற முடியாது. உரிமை இந்தச் சேவைக்கு மட்டும் உரியது. கோப்பு மாறினாலும் போகாது. பைதன் முழுவதற்கும் பரவாது. இதற்கு அடிப்படையான வசதி 2015இல் வந்த லினக்ஸ் 4.3இல் சேர்க்கப்பட்டது.

அதே சிஸ்டம்-டி, போர்ட்டைத் தானே பிடித்து, திறந்த நிலையில் செய்நிரலின் கையில் கொடுக்கவும் வல்லது. அப்போது செய்நிரலுக்கு அந்த ஒற்றை உரிமைகூடத் தேவையில்லை. ஆனால் அப்படிக் கொடுப்பதை வாங்கத் தெரிந்த செய்நிரலாக அது எழுதப்பட்டிருக்க வேண்டும்.

ஐந்தாவது வழி திசைதிருப்பல். 80க்கு வருவதை 8080க்கு அனுப்பு என்று கருவின் வலையமைப்பு விதிகளில் எழுதிவைப்பது. செய்நிரலில் ஒரு மாற்றமும் வேண்டாம். ஆனால் 8080 எவரும் அமரக்கூடிய கதிரை. நமது செய்நிரல் ஒரு நிமிடம் விழுந்தால், அதே கணினியில் உள்ள வேறொருவர் அதில் அமர்ந்து நமது பெயரில் வருகிறவர்களை வரவேற்க முடியும்.

விதியையே தளர்த்திவிடலாமா?

காரணம் போய்விட்டதென்றால் விதியையும் எடுத்துவிடலாமே என்று கேட்கலாம். சிலர் எடுத்தும் விட்டார்கள். 2018இல் வந்த மெக் பணிசெயல் முறைமையின் மொஹாவே பதிப்பிலிருந்து, கணினியின் எல்லா முகவரிகளிலும் கேட்கும் செய்நிரல்களுக்கு இந்தத் தடை இல்லை. 2017இல் வந்த லினக்ஸ் 4.11இல் 1024 என்ற எல்லையையே மாற்றும் ஓர் அமைப்பு சேர்க்கப்பட்டது. அதில் 80 என்று எழுதினால், 80இலிருந்து மேலே உள்ள எல்லாப் போர்ட்களும் எல்லாப் பாவனையாளருக்கும் திறந்துவிடும். 22, 25, 53 போன்றவை மூடியே இருக்கும். 2020 டிசம்பரில் வந்த டொக்கர் 20.10, தன் கொள்கலன்களுக்குள் இந்த எல்லையைப் பூச்சியம் ஆக்கிவிட்டது. ஒரு கொள்கலனுக்குள் பொதுவாக ஒரே ஒரு சேவைதான் இருக்கிறது என்பதால் அது நியாயமானது.

ஆனால் பலர் பகிரும் கணினியில் இதைச் செய்வதற்கு முன்னர் ஒன்றை யோசிக்க வேண்டும். இணையத்தளங்களுக்குக் குறியாக்கச் சான்றிதழ் வழங்கும் அமைப்புகள், ஒரு பெயர் உண்மையில் நம்முடையதா என்று சரிபார்க்கும் முறைகளில் ஒன்று, அந்தப் பெயருக்குரிய கணினியின் 80ஆம் போர்ட்டில் ஒரு குறிப்பை வைக்கச் சொல்வது. அந்தக் கணினியின் 80இல் அமர முடிந்தவர் அந்தத் தளத்தை நடத்துபவராகவே இருப்பார் என்று அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். 1983இன் முத்திரை வேறொரு மூலையில் இன்னும் செல்லுபடியாகிறது. ஆகவே, ஒரே கணினியில் ஒருவரையொருவர் அறியாத பலருக்குக் கணக்குகள் இருந்தால், எல்லையைத் தளர்த்துவது நமது பெயரில் சான்றிதழ் வாங்கும் வாய்ப்பை அவர்களுக்கும் கொடுப்பதாகும். கணினி முழுவதும் நமக்கு மட்டுமே உரியதென்றால் இந்தக் கவலை மிகக் குறைவு.

எங்கள் சேர்வரில் செய்தது

அண்ணையோடு தொலைபேசியில் இருந்தபடியே இரண்டு இரவுகள் வேலை செய்தேன். தளத்துக்கென்று ஒரு தனிப் பாவனையாளரை உருவாக்கினேன். சிஸ்டம்-டி குறிப்புக் கோப்பில் அந்தப் பெயரையும் ஒற்றை உரிமையையும் எழுதினேன். தொடங்கிப் பார்த்தபோது தளம் மறுபடி விழுந்தது. இம்முறை போர்ட் காரணமல்ல. சான்றிதழின் இரகசியத் திறப்புக் கோப்பை ரூட் மட்டுமே வாசிக்கக்கூடியதாக இருந்தது. இவ்வளவு நாளும் ரூட்டாக ஓடியதால் அது தெரியவரவில்லை. அந்த ஒரு கோப்பை வாசிக்க மட்டும் புதிய பாவனையாளருக்கு அனுமதி கொடுத்தேன். பதிவேடு எழுதும் இடம், படங்கள் ஏறும் இடம் என்று ஒவ்வொன்றாக இப்படியே தட்டுப்பட்டன. எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஒவ்வொரு மறுப்பும், இந்தச் செய்நிரல் இதுவரை எதையெல்லாம் தொடக்கூடியதாக இருந்தது என்பதை எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தது.

முடிவில் இன்னொன்றும் விளங்கியது. ரூட் அதிகாரத்தை எடுத்துவிட்டால் எல்லாம் பாதுகாப்பு என்று நினைப்பதும் தவறு. தளம் எந்தக் கோப்பை வாசிக்க முடியுமோ, அந்தத் தளத்தை உடைத்தவரும் அதை வாசிப்பார். வாக்குமூலங்களைத் தளத்தின் பாவனையாளர் வாசிக்கக்கூடிய இடத்தில் வைத்தால், போர்ட்டைப் பற்றி இவ்வளவு பாடுபட்டும் பயனில்லை. ஆகவே அவற்றை அந்தச் சேர்வரிலிருந்தே எடுத்தோம். குறியாக்கம் செய்து, இணையத்தோடு இணையாத இடத்தில் வைத்தோம். பொதுமக்கள் பார்க்க வேண்டியது மட்டுமே தளத்தில் இருக்கிறது.

இப்படியொரு சேர்வரை நீங்களோ, நீங்கள் சார்ந்த சங்கமோ, பாடசாலையின் பழைய மாணவர் ஒன்றியமோ வைத்திருந்தால், ஐந்து நிமிட வேலை ஒன்று இருக்கிறது. ‘பிஎஸ்’ என்ற கட்டளை, ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு செய்நிரலும் எந்தப் பாவனையாளரின் பெயரில் ஓடுகிறது என்பதைக் காட்டும். ‘எஸ்எஸ்’ என்ற கட்டளை, எந்தச் செய்நிரல் எந்தப் போர்ட்டில் கேட்டுக்கொண்டிருக்கிறது என்பதைக் காட்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வெளியுலகத்தோடு பேசும் உங்கள் சொந்தச் செய்நிரலுக்கு நேரே ரூட் என்று இருந்தால், மேலே சொன்ன வழிகளில் ஒன்று உங்களுக்குப் பொருந்தும். சேர்வர் முழுவதும் உங்களுடையது, சிஸ்டம்-டி இருக்கிறது என்றால் நான்காவது வழி போதும். பல தளங்களை ஒரே கணினியில் நடத்துகிறீர்கள் என்றால் இரண்டாவது வழி வசதியானது. நீங்களே செய்யத் தெரியாவிட்டால், தளத்தை அமைத்துக் கொடுத்தவரிடம் கேளுங்கள். என்னைப் போன்ற ஒருவர்தான் அவசரத்தில் ‘சூடோ’ போட்டுவிட்டுப் படுத்திருப்பார்.

வாக்குமூலம் தந்த அம்மாக்களுக்குப் போர்ட் என்றால் என்னவென்று தெரியாது; தெரிய வேண்டியதும் இல்லை. வேறு ஒருவர் கையிலும் போகாது என்று நாங்கள் சொன்ன வார்த்தையை நம்பித்தான் அவர்கள் பேசினார்கள். அந்த வார்த்தைக்கு நாங்கள் எட்டு மாதம் பிந்தித்தான் காவல் போட்டோம். உங்களுடைய சேர்வரில் அந்தக் கேள்வியை இன்றே கேட்டுவிடுங்கள்: இது ஆற்ற பேரில ஓடுது?